டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்கு வரிச் சலுகை: கேட்டால்தான் கிடைக்கும்

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதை நம்பிக் கணக்குப் போட்டு வீடு வாங்கியவர்களுக்கு, முதல் சொத்து வரி பில் வரும்போதுதான் மறுபக்கம் தெரியும். பள்ளி, கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), நகராட்சி, பொது மருத்துவமனை, சமுதாயக் கல்லூரி என்று ஆளுக்கொரு பங்கை வீட்டின் மதிப்பிலிருந்து எடுக்கிறார்கள். பெரும்பாலும் பள்ளியின் பங்குதான் பெரியது.

அந்தப் பள்ளி வரியில், சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்குச் சட்டம் ஒரு கழிவு தருகிறது. அதன் பெயர் ஹோம்ஸ்டெட் விலக்கு. 2021 வரை 25 ஆயிரம் டாலராக இருந்தது, 2022-இல் 40 ஆயிரம், 2023-இல் 1 லட்சம் என்று ஏறியது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, 2025 வரி ஆண்டிலிருந்தே 1 லட்சத்து 40 ஆயிரம். வீட்டின் மதிப்பு 4 லட்சம் என்றால், பள்ளி வரியை 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மட்டும் போடுவார்கள். 100 டாலருக்கு 1 டாலர் வரி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,400 டாலர் மிச்சம். இது போக, கவுண்டியும் நகராட்சியும் விரும்பினால் மதிப்பில் 20 சதவீதம் வரை தனியாகக் கழிக்கலாம். ஊருக்கு ஊர் மாறும்.

ஆனால் இதைவிடப் பெரிய பலன் வேறொன்று என்பது என் கருத்து. ஹோம்ஸ்டெட் பதிவான வீட்டின் வரிக்குரிய மதிப்பை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. 4 லட்சம் வீட்டைச் சந்தை 4 லட்சத்து 80 ஆயிரமாக்கினாலும், வரி 4 லட்சத்து 40 ஆயிரத்துக்குத்தான். மொத்த வரி விகிதம் 2 சதவீதம் என்றால் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 800 டாலர் மிச்சம். விலை எகிறும் ஊர்களில் இந்த வித்தியாசம் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும்.

இந்த 10 சதவீத வரம்பு உடனே தொடங்காது, கவனியுங்கள். 2025 ஜூனில் வாங்கிக் குடியேறியவருக்கு, தகுதியோடு வரும் முதல் ஜனவரி 1 என்பது 2026-இல். வரம்பு 2027 மதிப்பிலிருந்துதான் வேலை செய்யும். 2026 மதிப்பு எவ்வளவு ஏறினாலும் அது தடுக்காது. மதிப்பு அதிகம் என்று தோன்றினால் ஆட்சேபிப்பதுதான் அந்த வருடத்துக்கு வழி.

புதுவீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். ஜனவரி 1 அன்று நிலம் எப்படி இருந்ததோ, அந்த வருட வரி அதற்குத்தான். அன்று வெறும் மனையாக இருந்திருந்தால் முதல் பில் மிகக் குறைவாக வரும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் பில் வரும். புதிதாகக் கட்டிய பகுதிக்கு 10 சதவீத வரம்பு பொருந்தாது. அப்போது எஸ்க்ரோ கணக்கில் (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) பற்றாக்குறை என்று கடன் நிறுவனம் கடிதம் போடும், மாதத் தவணை பல நூறு டாலர் ஏறும். வாங்கிய விலையை வரி விகிதத்தால் பெருக்கி, அந்தத் தொகையை முதல் வருடமே எடுத்து வைப்பது நல்லது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். க்ளோசிங் அன்று, அதாவது வீடு என் பெயருக்கு மாறிய நாளில், கட்டுக்கட்டாகக் கையெழுத்து போட்டேன். அதற்குள் ஹோம்ஸ்டெட் விண்ணப்பமும் அடங்கிவிட்டது என்று நம்பினேன். அடங்கவில்லை. நாமே கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் (வரிக்காக வீட்டின் மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலகம்) படிவம் 50-114 கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்தின் நகல் வேண்டும், அதிலுள்ள முகவரி இந்த வீட்டு முகவரியாக இருக்க வேண்டும். பலரின் விண்ணப்பம் நிற்பது இந்த இடத்தில்தான். குடிபெயர்ந்ததும் முதலில் உரிமத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள். ஏப்ரல் 30-க்குள் கொடுத்துவிடுவது வழக்கம். முந்தைய உரிமையாளர் அந்த வருடத்துக்கு இதே சலுகையைப் பெறவில்லை என்றால், வாங்கிய வருடத்துக்கே சலுகை கேட்கலாம்.

வீடு தனிநபர் பெயரிலோ, தகுதியுள்ள டிரஸ்டிலோ இருக்க வேண்டும். எல்எல்சி என்ற நிறுவனத்தின் பெயரில் இருந்தால் கிடையாது. கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே வீடுதான். வேலை மாறி வேறு ஊருக்குப் போய் இந்த வீட்டை வாடகைக்கு விட்டால், அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்குத் தெரிவித்துவிடுங்கள். தகுதி இல்லாமல் அனுபவித்த சலுகையை ஐந்து வருடம் வரை பின்னோக்கிப் போய் வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தகுதி இருக்கிறதா என்று அவர்களும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சரிபார்ப்பார்கள். அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டால் சலுகை போய்விடும்.

வீட்டு உரிமையாளருக்கு 65 வயது ஆனதும் பள்ளி வரியில் இன்னும் 60 ஆயிரம் கழியும். அதோடு பள்ளி வரித் தொகையே அந்த அளவில் நின்றுவிடும். புதிதாக அறை கட்டினால் தவிர ஏறாது. மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த இரண்டும் உண்டு.

வீடு வாங்கிய சில வாரங்களில், பணம் கொடுத்தால் ஹோம்ஸ்டெட் பதிவு செய்து தருகிறோம் என்று அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் தபால் வரலாம். தயவுசெய்து ஒரு டாலரும் அனுப்பாதீர்கள். சில வருடங்களாக விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் இன்றே படிவத்தைக் கொடுங்கள். வரி கட்ட வேண்டிய கெடு முடிந்து இரண்டு வருடத்துக்குள் கேட்டால், அந்த வருடத்துக்கு அதிகம் கட்டிய பணம் திரும்பி வரும்.