மூன்று சுழி ணகரமும் மலிவு விலைத் திரையும்

மலிவு விலை டேப்லெட் வாங்குவோர் முதலில் பார்ப்பது திரை எத்தனை அங்குலம் என்பதைத்தான். ஆனால் அதில் வசதியாகப் படிக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை திரைப் படத்தை உருவாக்கும் சிறு புள்ளியான பிக்சலின் அளவும், கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தொலைவுமே.

10.1 அங்குலத் திரையில் 1280 × 800 பிக்சல்கள் இருந்தால் ஒவ்வொன்றும் 0.17 மி.மீ. அகலம் கொண்டிருக்கும், 1920 × 1200 இருந்தால் அது 0.113 மி.மீ. ஆகச் சுருங்கும். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு கோண இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். படிக்கும்போது நாம் வழக்கமாக வைத்துக்கொள்ளும் 40 செ.மீ. தொலைவில் அந்த இடைவெளி சுமார் 0.116 மி.மீ. ஆகவே முதல் திரையில் பிக்சல்கள் கண்ணுக்குத் தட்டுப்படும். இரண்டாவதில் மயிரிழையில் மறைந்துவிடும்.

தமிழ் படிப்பவர்களுக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. 2 மி.மீ. உயரமுள்ள எழுத்துக்கு முதல் திரையில் கிடைப்பவை ஏறத்தாழ 12 வரிசைப் பிக்சல்கள் மட்டுமே. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், மூன்று சுழி ‘ண’வின் உள்வெளிகள் குறுகி, ஓரங்கள் சாம்பல் நிறத்தில் கலங்கியிருப்பது தெரியும். அதை இரண்டு சுழி ‘ன’விலிருந்து பிரித்தறியக் கண் ஒவ்வொரு வரியிலும் கூடுதலாக உழைக்கிறது, நீண்ட வாசிப்பில் வரும் சோர்வுக்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

திரைப்படத்துக்குக் கணக்கு வேறு. டேப்லெட்டை 60 செ.மீ. தள்ளி நிறுத்திவைத்தால் 0.17 மி.மீ. பிக்சலும் கண்ணுக்குப் புலப்படாது. அங்கே பார்க்க வேண்டியது படங்களை நகலெடுக்க விடாமல் தடுக்கும் வைட்வைன் எனும் பாதுகாப்பின் நிலை: உயர்நிலையான எல்1 சான்று இல்லாமல் கீழ்நிலையான எல்3 மட்டும் உள்ள கருவிகளுக்கு, இணையவழிப் படம் காட்டும் பல ஓடிடி சேவைகள் 480பி (480 வரிசைப் பிக்சல்கள்) தரத்திலேயே படத்தை அனுப்புவதால், திரை எவ்வளவு நுண்மையானதாக இருந்தாலும் படம் மங்கலாகவே தெரியும்.

விலை குறைந்த பல கருவிகளில் மேல்கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கும். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்புவதால், வெளிச்சமான அறையில் கறுப்பு வெளிறிப்போகிறது.

படிப்பதே முதன்மை நோக்கம் என்றால், 1920 × 1200 பிக்சல்களை 8 அங்குலத்தில் அடக்கிய திரையையே நான் தேர்ந்தெடுப்பேன். அங்குலத்துக்கு 283 பிக்சல்கள் அதில் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த பழைய நூல்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றின் எழுத்தைத் தனியே பெரிதாக்க இயலாது என்பதால், முழுப் பக்கமும் தெரிய 10 அங்குலம் தேவைப்படும்.