தொண்டையில் குத்துவது மீன் முள்தானா?

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் கிருமி, அதனால் புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, பல வீடுகளில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பி நாருக்கு மாறிவிடுகிறார்கள். அதன் விளைவைத் தொண்டை மருத்துவர்கள் பார்க்கிறோம். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் தங்கச்சிமடம் வரை, வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மீன் முள்ளு டாக்டர், சோத்து உருண்டை முழுங்கியும் இறங்கல." என்ன சாப்பிட்டீர்கள் என்றால், கணவாய்த் தொக்கு. ஓடு எடுத்துக் கழுவிய கணவாயில் முள் எங்கிருந்து வரும்?

குத்துவது கம்பி நாரின் துணுக்காக இருக்கலாம். கம்பி நார் தேய்க்கத் தேய்க்க ஒடியும். ஒடிந்த துணுக்கு மீன் பொரித்த தவாவின் அடிப்பிடிப்பிலும், கைப்பிடி ரிவெட் இடுக்கிலும், மண்சட்டியின் சொரசொரப்பிலும் மாட்டிக்கொள்ளும். அலசினாலும் போகாது. அடுத்த குழம்பில் கரண்டி உரசும்போது கிளம்பி வரும்.

இந்தச் சோற்று உருண்டையை, வாழைப்பழத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முள்ளானாலும் சரி, கம்பியானாலும் சரி, உருண்டை அதை இழுத்துக்கொண்டு போவதில்லை. சதைக்குள் இன்னும் அழுத்துகிறது. டான்சிலிலோ நாக்கின் அடியிலோ மேலாகக் குத்தி நிற்பதை இடுக்கியால் எடுத்துவிடலாம். உள்ளே புதைந்த கம்பி கழுத்துச் சதைக்குள் நகரும், சீழ் வைக்கும். உணவுக்குழாயைத் துளைத்தால் உயிருக்கே ஆபத்து. வயிறு நிறைய உண்டுவிட்டு வந்தால் மயக்க மருந்து கொடுக்கவும் காத்திருக்க வேண்டும்.

விழுங்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் குத்தினால் விரலை விட்டுத் துழாவாதீர்கள். எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் அன்றே வாருங்கள். எச்சில் விழுங்க முடியாவிட்டால், ரத்தம், காய்ச்சல், கழுத்து வீக்கம் இருந்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். வீட்டில் கம்பி நார் உண்டா என்று நீங்களே சொல்லிவிடுங்கள்: கம்பி எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும், பல மீன் முட்கள் தெரியாது.

ஸ்பாஞ்சில் கிருமி உண்டு, பொய்யில்லை. 2017-இல் ஜெர்மனியில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தவர்கள் ஏராளமான பாக்டீரியாக்களைக் கண்டார்கள். அடிக்கடி கிருமிநீக்கம் செய்தவற்றிலும் அவை குறைவாக இல்லை. அதனால் வாரம் ஒரு முறை மாற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரே அன்னக்கூடைத் தண்ணீரில் எல்லாப் பாத்திரத்தையும் தேய்ப்பவர்கள், ஸ்பாஞ்சை அதிலேயே ஊறப் போடாமல் பிழிந்து காற்றில் தொங்கவிடுங்கள். மீன், நண்டு நறுக்கிய பலகைக்குத் தனி நார் வையுங்கள்.

அடிப்பிடித்த தவாவில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மரக்கரண்டியால் சுரண்டுங்கள். மண்சட்டிக்குத் தேங்காய் நார் போதும். கம்பி நாரை விடவே முடியாதென்றால், நுனி பிரிந்த அன்றே குப்பையில் போடுங்கள். தேய்த்த பாத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஈரத்துணியால் வழித்துத் துடைத்த பிறகு அடுப்பில் வையுங்கள்.