பறப்பவரின் இடுப்பில் ஒரு புள்ளி

தீம் பார்க் நிகழ்ச்சியில் கோபுர உச்சியிலிருந்து பாய்ந்து வரும் கலைஞரைப் பார்த்தால், தோள் பலம்தான் அவரைப் பறக்க வைக்கிறது என்று தோன்றும். ஆனால் தூக்குகிற வேலையை மேலே இருக்கும் வின்ச், அதாவது கம்பியைச் சுற்றி இழுக்கும் இயந்திரம், பார்த்துக்கொள்கிறது. தன் எடை எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் கலைஞரின் வேலை. புல்-அப் எத்தனை எடுக்கிறார், பாரில் தொங்கியபடி காலை எவ்வளவு உயர்த்துகிறார் என்றெல்லாம் ஆடிஷனில் பார்ப்பார்கள். ஆனால் பெல்ட் கட்டி ஆளைத் தூக்கிய பிறகுதான் நிஜமான தேர்வு தொடங்குகிறது.

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, மனிதரை அந்தரத்தில் தொங்கவிடுவது புதிய விஷயம் இல்லை. மீன மாதப் பரணி நாளில் கன்னியாகுமரி மாவட்டக் கொல்லங்கோடு பத்ரகாளி கோயிலில் ஆளைத் தூக்கும் ‘தூக்க’த் திருவிழா நடக்கும். நேர்ந்துகொண்ட குழந்தையைக் கையில் ஏந்தியபடி தூக்கக்காரர்கள் ‘வில்’ என்னும் உயர்ந்த மரத்தில் தொங்கிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். கட்டு இடுப்புப் பக்கம் விழுவதை அங்கே கூட்டத்தில் நின்ற யாரும் பார்த்திருக்கலாம். மேடையில் பறப்பவருக்கும் இடுப்பில்தான் கட்டு. அதற்குக் காரணம் உண்டு.

நம் உடலின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக் கணக்குப் போடலாம். அந்தப் புள்ளிதான் நிறை மையம். நேராக நிற்கும்போது அது குதிகாலிலிருந்து உயரத்தில் ஏறத்தாழ 55 சதவீதத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். பறப்பவர் கட்டும் ஹார்னஸ் என்ற பெல்ட்டில் இரண்டு இடுப்பெலும்பின் பக்கத்திலும் ஒவ்வொரு கம்பி மாட்டுவார்கள். கம்பி மாட்டும் இடம் நிறை மையத்துக்கு மேலே இருந்தால் உடல் தானாக நிமிர்ந்து நிற்கும். ஆனால் குட்டிக்கரணம் போட மல்லுக்கட்ட வேண்டும். கீழே இருந்தால் ஆள் தலைகுப்புறக் கவிழ்ந்துவிடுவார். சரியாக அந்த மட்டத்தில் அமைந்தால் எந்தக் கோணத்தில் விட்டாலும் உடல் அப்படியே நிற்கும். கொஞ்சம் கையை அசைத்தாலே திரும்பிவிடும். பறப்பது போன்ற தோற்றம் முழுக்க இந்த மூன்றாவது நிலையில்தான் பிறக்கிறது.

என் அக்கா மகள் திருவனந்தபுரத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவள். இப்போது வெளிநாட்டு ஆடிஷன் ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய நிறை மையத்தை வீட்டிலேயே அளந்தோம். 2 மீட்டர் பலகையின் ஒரு முனை செங்கல் விளிம்பில், மறுமுனை எடை பார்க்கும் மெஷினில். குதிகால் செங்கல் முனையில் இருக்கும்படி அவள் மல்லாந்து படுத்தாள். பலகையின் பங்கைக் கழித்ததும் மெஷின் 22 கிலோ காட்டியது. அவள் எடை 50 கிலோ. 22-ஐ 50-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 0.88 மீட்டர். அவள் உயரம் 160 சென்டிமீட்டர் என்பதால் சரியாக 55 சதவீதம்.

அப்புறம் இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டச் சொன்னேன். மெஷினில் ஒன்றேகால் கிலோ ஏறியது. அதாவது நிறை மையம் தலைப் பக்கமாக 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டது. இரண்டு கைகளும் சேர்ந்து உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் அவ்வளவு வேலை செய்கின்றன. முதல் தடவை ஹார்னஸில் தொங்கிவிட்டு வந்து அவள் சொன்னதும் இதைத்தான்: “மாமா, கைய முன்னால நீட்டினதும் தல கீழ போவுது.”

“வயித்த இறுக்கி, கால நல்லா நீட்டு மக்களே” என்றேன். குப்புறப் படுத்த வாக்கில் பறக்கும்போது கை முன்னே போனால், காலை விறைப்பாகப் பின்னால் நீட்டி அந்த 5 சென்டிமீட்டரை ஈடுகட்ட வேண்டும். முதுகும் பிட்டமும் தொடையும் சேர்ந்து பிடிக்க வேண்டிய பிடி அது. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறக்கூடாது. அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. தேர்வாளர்கள் கவனிப்பது அந்த நடுக்கத்தைத்தான்.

அடுத்தது ஊசலாட்டம். ஊஞ்சல் ஒரு தடவை போய் வரும் நேரம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது, ஆளின் எடையைப் பொறுத்தது அல்ல. 4 மீட்டர் கயிற்றுக்கு ஏறத்தாழ 4 நொடி, 10 மீட்டர் கம்பிக்கு 6.3 நொடி. 1901-ல் தலச்சேரிக்கு அருகே சிறக்கரையில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய காலம் தொட்டு, மலபார்ப் பிள்ளைகள் பார் விளையாட்டில் உடம்பில் ஏற்றிக்கொண்ட தாளம் இது. மேடையில் கம்பியின் நீளமும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்பத் தாளமும் மாறும். வின்ச் இயக்குபவரும் பறப்பவரும் அதை ஒன்றாக எண்ணாவிட்டால், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஆள் ஆடிக்கொண்டே போவார்.

ஊசலில் விசையும் ஏறும். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்த நிலையில் விட்டால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது கம்பி உடல் எடையைப் போல இரண்டு மடங்கு தாங்க வேண்டும்; 90 டிகிரி என்றால் மூன்று மடங்கு. கம்பி பார்வைக்கு ஒல்லிதான். ஆனால் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி வடம் ஏறத்தாழ 1,900 கிலோ வரை அறுந்துபோகாது. 19 மெல்லிய இழைகளை முறுக்கி ஒரு புரி, அப்படி 7 புரிகள், ஆக 133 இழைகள். இழைகள் மெல்லியவை என்பதால் கப்பியில் வளைந்து ஓடும். வரக்கூடிய சுமையைப் போலப் பத்து மடங்கு தாங்கும் கம்பியைப் போடுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம்.

எடை பார்த்து ஆள் எடுப்பது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆடிஷனுக்காகப் பட்டினி கிடக்கும் பெண்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. வின்ச்சுக்கு நாலு கிலோ ஒரு பொருட்டே இல்லை. சாய்வுக் கம்பியில் புவியீர்ப்பால் மட்டும் சறுக்கி வரும் பறத்தலில்தான் எடை வரம்பு அவசியம்: மிக லேசான ஆள் எதிர்காற்றில் பாதியில் நின்றுவிடலாம், கனமானவர் வேகமாக வந்து முட்டலாம். வயதுகூடப் பெரிய தடை இல்லை. 1961-ல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பீட்டர் பேன் கதையின் குட்டித் தேவதை டிங்கர் பெல்லாக இரவு வானில் சறுக்கி வந்த டைனி க்ளைன், சர்க்கஸிலிருந்து வந்தவர். அப்போது அவருக்கு 70-ஐ ஒட்டிய வயது. அதே வளாகத்தில் 2021 முதல் ஸ்பைடர்மேன் வேடமிட்ட ரோபோ ஒன்றைச் சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு வீசுகிறார்கள். தன் சுழற்சியை உணரிகளால் அளந்து, வேகமாகச் சுழலக் கைகால்களைச் சுருக்கிக்கொள்கிறது, வேகம் குறைய விரித்துக்கொள்கிறது. மனிதருக்கு அந்த அளவீட்டைச் செய்வது உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர்களுக்கு இதில்தான் பெரிய அனுகூலம்.

ஆடிஷனுக்குப் போகும் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வின்ச் நடுவானில் நின்றுபோனால் என்னை எவ்வளவு நேரத்தில், யார் இறக்குவீர்கள்? காலை அசைக்காமல் ஹார்னஸில் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் அது இதயத்துக்கு ஏறும். இல்லையென்றால் மயக்கம் வரும். மயங்கிய நிலையில் தொடர்ந்து தொங்குவது உயிருக்கே ஆபத்து. அதனால் மாட்டிக்கொண்டால் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கீழே இருப்பவர்கள் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும். இதற்குத் தெளிவான பதில் கையில் இல்லாத இடத்தில் பெல்ட் கட்டவே கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.