பழைய எஞ்சினைச் சுரண்டும் முன்

சேலம் சூரமங்கலத்தில் எனக்குச் சின்னப் பட்டறை. பழைய இரும்புச் சாமான்களுக்குத் துரு எடுத்து, முன்பிருந்த நிறத்தையே திரும்பக் கொண்டுவருவது தொழில். சில வருடங்களுக்கு முன், வெளியூரில் காட்சிக்கு நிறுத்தியிருந்த ஒரு நீராவி எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்கக் கூப்பிட்டார்கள். டபிள்யூ.பி. வகை. தோட்டா மாதிரி கூம்பிய மூக்கு, நடுவில் ஹெட்லைட், சுற்றிலும் நட்சத்திரம். ஒருமுறை பார்த்தால் மறக்காத முகம்.

டபிள்யூ என்றால் அகலப் பாதை, பி என்றால் பயணிகள் வண்டி. முதல் 16 எஞ்சின்கள் 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையில் செய்தவை. அப்புறம் கனடா, போலந்து, ஆஸ்திரியா. கடைசியாக 1967 வரை நம் நாட்டிலேயே, மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சனில் செய்தார்கள். மொத்தம் 755. உடல்வாகு ஒன்றுதான், ஆனால் நிறமும் நட்சத்திரமும், எஞ்சினை நிறுத்திப் பராமரிக்கும் ஷெட்டுக்கு ஷெட் மாறும். அதனால் ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதன் பெயின்ட் அடுக்குகள்தான் ஜாதகம்.

கூப்பிட்டவர்களுக்கு அவசரம். "கிரைண்டர் போட்டு எல்லாத்தையும் எடுத்துடுங்க, கறுப்பு அடிச்சா போதும்" என்றார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து என் உதவியாளப் பையன், "அண்ணா, வயிறு முறுக்குதுங்க, சோறே இறங்கலீங்க" என்றான். ரத்தப் பரிசோதனையில் ஈயம் ஏறியிருந்தது. மூக்கில் அவன் கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை.

கறுப்புக்கு அடியில் பளீரென்ற ஆரஞ்சு நிறம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். செங்கல் நிறத்தில் இருந்தால் ரெட் ஆக்சைடு, இரும்புத் துருதான். ஆரஞ்சாக இருந்தால் அது ரெட் லெட், ஈயம். நம் ஆட்கள் இரண்டையுமே 'செவப்பு ப்ரைமர்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய மஞ்சள் கோடுகளிலும் ஈயம் இருக்கலாம். வீட்டு, அலங்காரப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எஞ்சின் மட்டுமல்ல, ஏற்காட்டுப் பழைய பங்களா கேட், ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இப்போது எங்கள் பட்டறையில் உலர்ந்த பெயின்டில் கிரைண்டர் வைப்பதில்லை, புளோ லாம்ப் தீயைக் காட்டிச் சூடாக்குவதுமில்லை. தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரில்தான் தேய்க்கிறோம். துணி கட்டினால் போதாது, ஈயத் தூசிக்கென்று வரும் பில்டர் மாஸ்க் வேண்டும். டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது, ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கொதிகலனின் மேல்தகட்டைக் கழற்றுவதாக இருந்தால் இன்னும் கவனம், உள்ளே நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம்.

அந்த எஞ்சினில் கிரைண்டர் படாமல் மிஞ்சியது மூக்கின் ஓரத்தில் உள்ளங்கை அகல இடம். அதைச் சின்னக் கத்தியால் படிப்படியாகத் திறந்தேன். கறுப்பு, அடியில் பச்சை, அதற்கும் அடியில் இன்னொரு கறுப்பு, பிறகு ஆரஞ்சு. பச்சையில் நட்சத்திரத்தின் ஒரு முனை மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. மீதி முனைகள் குப்பைச் சாக்கில். அந்த உள்ளங்கை இடத்துக்கு மட்டும் மேலே பெயின்ட் அடிக்காமல் வார்னிஷ் பூசி விட்டுவந்தேன்.