தன்னாட்சி: ஒரு சொல் விளக்கம்

இராமநாதபுரம் கடற்கரைச் சாலையில் ஓடும் கல்லூரிப் பேருந்துகள் சிலவற்றில், கல்லூரியின் பெயரை அடுத்து ‘தன்னாட்சி’ என்று எழுதியிருக்கும். பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே வகுத்துக்கொள்ளும். பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்கும். ‘ஆட்டோனமி’ என்னும் சொல்லுக்கு இதைவிடக் கைக்கெட்டிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அச்சொல்லின் பிறப்பிடம் கிரேக்கம். ‘ஆட்டோஸ்’ என்றால் தான். ‘நோமோஸ்’ என்றால் சட்டம். தனக்குரிய சட்டத்தைத் தானே இயற்றிக்கொள்ளுதல் என்பதே வேர்ப்பொருள். தமிழில் வழங்கும் ‘சுயாட்சி’ வடமொழிச் ‘சுய’வும் தமிழ் ‘ஆட்சி’யும் ஒட்டிய கலப்புச் சொல். ஒன்றிய–மாநில உறவை ஆராய 1969-இல் இராஜமன்னார் குழு அமைந்ததும், 1974-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும் ‘மாநில சுயாட்சி’ என்ற தொடரை அரசியல் மேடையில் ஊன்றிவிட்டன. அதை இனி மாற்றச் சொல்வது வீண். பொதுவழக்கிற்குத் ‘தன்னாட்சி’யே ஏற்றது. ஊராட்சி, நகராட்சி என்ற வரிசையில் அது இயல்பாக அமர்கிறது. ஆனால் இடரும் அங்கேதான்: ஊராட்சி நிருவாகம் செய்யுமே அன்றிச் சட்டம் இயற்றாது. ‘ஆட்சி’ என்று சொன்னதும் ‘நோமோஸ்’ மறைந்துவிடுகிறது.

மறைந்தது எது என்பதைக் கடலில் காணலாம். இராமேசுவரத்தில் விசைப்படகு கிளம்புமுன் வாங்கும் அனுமதிச் சீட்டான டோக்கனை மாநில மீன்வளத் துறை தருகிறது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பதும் 1983-ஆம் ஆண்டில் மாநிலம் இயற்றிய கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழி வந்த விதியே. மீன்வளம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலமே இப்படிச் சட்டம் இயற்றுவது கைகூடிற்று. நாட்டின் கடல் எல்லையான 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலுக்குரியது. படகும் வலையும் அவையேயானாலும், அங்கே மாநிலச் சட்டம் செல்லாது.

பாக் நீரிணையின் அக்கரையான இலங்கையில் கூட்டாட்சிக்குச் ‘சமஷ்டி’ என்று பெயர். 1949-இல் தோன்றிய தமிழரசுக் கட்சியைச் சமஷ்டிக் கட்சி என்றும் அழைத்தனர். இலங்கை அரசமைப்போ நாட்டை ஒற்றையாட்சி என்கிறது. அதற்குள்ளேயே 1987-இன் 13-ஆம் திருத்தம் மாகாண சபைகளை ஏற்படுத்தியது. கூட்டாட்சி என்றால் தன்னாட்சி உண்டு, ஒற்றையாட்சி என்றால் இல்லை என்று கொள்வது பிழை. பின்லாந்து ஒற்றையாட்சி நாடு; ஆயினும் ஓலந்துத் தீவுகளின் தன்னாட்சிச் சட்டத்தை அத்தீவுகளின் சட்டமன்றம் இசையாமல் அந்நாட்டு நாடாளுமன்றம் மாற்ற இயலாது. மாநிலங்களின் ஒன்றியமான இந்தியாவிலோ, அரசமைப்பின் 3-ஆம் உறுப்புப்படி மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றம் மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு வேண்டியதில்லை.

ஆகவே எழுதுவோர், சட்டமியற்றும் உரிமை உள்ள இடத்தில் ‘தன்னாட்சி’ என்றும், நிருவாகப் பணிகள் மட்டும் கீழே இறங்கும் இடத்தில் ‘அதிகாரப் பரவல்’ என்றும், மேலே வேறு அதிகாரமே இல்லாத நிலைக்கு ‘இறைமை’ என்றும் பிரித்து வழங்கலாம்.