கூப்பிட்டதும் கிளம்பும் தேடல் நாய்க் குழு: உருவாக்குவது எப்படி?

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியை 7.8 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. உதவிக்குப் போன இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படையில் மோப்ப நாய்களும் இருந்தன. காசியான்டெப் மாகாணத்தின் நூர்தாகி ஊரில் இடிந்து கிடந்த ஒரு கட்டடத்தின் மேல் ஏறிய ஜூலி என்ற லேப்ரடார், ஓர் இடத்தில் நின்று குரைத்தது. ஜூலியை விலக்கிவிட்டு ரோமியோ என்ற இன்னொரு நாயை விட்டார்கள். அதுவும் அதே இடத்தைக் காட்டியது. தோண்டியபோது ஆறு வயதுச் சிறுமி உயிரோடு கிடைத்தாள்.

இடிபாட்டுக்குள் காற்று எந்தச் சந்தில் நுழைந்து எந்தப் பிளவில் வெளியே வருகிறது என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. நாய் குரைத்த இடத்துக்கு நேர் கீழேதான் ஆள் இருப்பார் என்று சொல்ல முடியாது. போதாததற்கு, நாயின் அசைவைப் பார்த்து முடிவெடுக்கும் மனிதரும் தவறலாம். அதனால்தான் இரண்டாவது நாய். நல்ல மூக்கு நாய்க்குப் பிறப்பிலேயே வந்துவிடுகிறது. அது சொல்லும் செய்தியைக் கெடுக்காமல் வாங்கிக்கொள்ளும் ஆட்களையும் ஏற்பாடுகளையும்தான் பாடுபட்டு உருவாக்க வேண்டியிருக்கிறது.

நம் உடலிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 30,000 முதல் 40,000 தோல் துகள்கள் உதிர்கின்றன. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பாக்டீரியா வெளியிடும் ஆவிகளும் அவற்றோடு சேர்ந்து காற்றில் போகின்றன. காற்று சீராக அடித்தால் இந்த வாடை ஆளிடம் குறுகியும், போகப் போக அகன்றும் கூம்பு போலப் பரவும். மனிதருக்கு மோப்ப செல்கள் 50, 60 லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 20 கோடிக்கும் மேல். நாய் உள்ளே இழுக்கும் காற்றில் சுமார் 12 சதவீதம் தனியே பிரிந்து மூக்கின் பின்புறமுள்ள மோப்ப அறைக்குப் போகிறது. மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து முறை போல உறிஞ்சுகிறது. வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கப் பிளவுகள் வழியே பின்பக்கமாகப் போய்விடுவதால் முன்னால் இருக்கும் வாடை கலைவதில்லை.

தேடல் நாய்களில் இரண்டு வகையை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, காணாமல் போனவரின் தலையணை உறை போன்ற ஒன்றை மோந்துவிட்டு அவர் போன தடத்தைத் தொடர்வது. நீண்ட கயிற்றில் போகும் இந்த நாய்க்கு, வேறு யார் கையும் படாமல் சுத்தமான பிளாஸ்டிக் பையில் எடுத்து வைத்த துணி வேண்டும். மற்றது, காற்றில் வரும் மனித வாடை எதுவானாலும் அதன் மூலத்தைத் தேடிப் போவது. கயிறில்லாமல் ஓடும் இந்த நாய் குறுகிய நேரத்தில் பெரிய பரப்பைப் பார்த்துவிடும். புதிதாகத் தொடங்கும் குழு இந்த இரண்டாவது வகையில் தொடங்குவதே நல்லது. கடைசியாகப் பார்த்த இடம் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் இதற்கு வேலை கொடுக்கலாம்.

பந்தைத் தேடும் ஆசைதான் நாயைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல். பந்தை உயரமான புல்லுக்குள் எறியுங்கள். கிடைக்காவிட்டால் அரை நிமிடத்தில் திரும்பி வரும் குட்டி இந்த வேலைக்கு ஆகாது. பந்து கண்ணில் படாதபோதும் மூக்கைத் தரையிலும் காற்றிலும் மாற்றி மாற்றி வைத்துத் தேடிக்கொண்டே இருப்பது வேண்டும். தகரத்தின் மேல் நடக்க, சத்தத்தைத் தாங்க, அறியாத ஆட்களிடம் போகப் பயப்படக் கூடாது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினாய் இந்த வேலையில் நிறைய இருப்பது இதனால்தான். நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டி வேட்டையாட வளர்க்கப்பட்டவை. அசைவைக் கண்டால் மூக்கை மறந்துவிடும் சுபாவம் அவற்றுக்கு உண்டு. தனி நாய் ஒன்று விதிவிலக்காக இருக்கலாம், ஆனால் முதல் நாயாக அதை எடுப்பது வேலையைக் கூட்டிக்கொள்வது.

பயிற்சி விளையாட்டாகத் தொடங்குகிறது. நாயை நடத்துபவரான ஹேண்ட்லர் அதைப் பிடித்துக்கொள்ள, உதவியாளர் பொம்மையைக் காட்டிவிட்டுக் காற்று வரும் திசையில் 20 மீட்டர் ஓடிப் புதருக்குப் பின்னால் படுக்கிறார். நாய் வந்து சேர்ந்ததும் பொம்மையும் கொண்டாட்டமும் அவர் கையிலிருந்தே வர வேண்டும். ஹேண்ட்லர் பரிசு தரக் கூடாது. பிறகு விடும் நேரத்தை அரை நிமிடம், ஐந்து நிமிடம் என்று தள்ளிப்போட்டு, ஆள் ஒளிவதை நாய் பார்க்காத நிலைக்கு வருகிறோம். இந்தக் கட்டத்தில் ஒளிபவர் குறைந்தது 20 நிமிடம் முன்பே போய்ப் படுத்துவிட வேண்டும், வாடை பரவ நேரம் வேண்டும். சுற்றி வளைத்துப் போய்ப் படுக்க வேண்டும். நேராக நடந்தால் நாய் காற்றை விட்டுவிட்டு அவருடைய காலடித் தடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஆளை மாதக்கணக்கில் ஒளிய வைத்தால், நாய் மனிதரைத் தேடப் பழகாமல் அந்த ஒருவரைத் தேடப் பழகிவிடும். இடிபாட்டுப் பயிற்சிக்கு ஹியூம் பைப் எனும் பெரிய கான்கிரீட் குழாயின் வாயைப் பலகையால் அடைத்து ஆளை உள்ளே வைப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத, தொட முடியாத ஆளுக்கும் நின்று குரைக்க நாய் அங்கேதான் கற்கிறது. முழுத் தகுதிக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஹேண்ட்லரின் பயிற்சி. 2011 இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் மோப்பநாயும் ஹேண்ட்லருமாக 18 ஜோடிகளை ஒரு கட்டடத்துக்குள் தேட விட்டார்கள். போதைப்பொருளோ வெடிபொருளோ அங்கே எதுவுமே இல்லை. சில இடங்களில் ஒட்டிய சிவப்புத் தாள் வாடை இருக்கும் இடத்தைக் குறிக்கிறது என்று ஹேண்ட்லர்களிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலான தேடல்களில் ‘கிடைத்தது’ என்ற அறிவிப்பு வந்தது, அதுவும் அந்தத் தாள்களின் பக்கத்தில் மிக அதிகமாக. நாய் பொய் சொல்லவில்லை. மனிதர் நடை தளர்வதும், ஓரிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் நாய்க்குக் கட்டளையாகப் போய்ச் சேர்கின்றன; அல்லது நாய் சும்மா நின்றதையே மனிதர் அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறார். ஆகவே பயிற்சியிலும் ஆண்டுத் தேர்விலும், ஆள் எங்கே இருக்கிறார் என்பது ஹேண்ட்லருக்கும் தெரியக் கூடாது, கூடவே நடக்கும் தேர்வாளருக்கும் தெரியக் கூடாது. யாரையும் ஒளித்து வைக்காத வெறும் இடங்களிலும் தேர்வு வைக்க வேண்டும். ‘இங்கே ஆள் இல்லை’ என்று துணிந்து சொல்லத் தெரியாத ஜோடி களத்துக்குப் போனால் மீட்புப் படையின் நேரத்தைத் தின்றுவிடும்.

களத்தில் ஒரு ஜோடிக்கு 40 முதல் 80 ஏக்கர் வரை பிரித்துக் கொடுப்பார்கள். காற்று தெரிய டால்கம் பவுடர் புட்டி போதும். சில நிமிடத்துக்கு ஒருமுறை பிதுக்கிப் பார்த்து, காற்றுக்குக் குறுக்கே போய் வந்துகொண்டே முன்னேற வேண்டும். மலையில் நேரம் முக்கியம். இரவிலும் விடியற்காலையிலும் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி ஓடையில் தேங்கும். வெயில் ஏறியதும் மேல்நோக்கிப் போகும். விடியலில் நாய் ஓடைக்குள் பரபரத்தால், ஆள் பல நூறு மீட்டர் மேலே கிடக்கலாம். நாய் தலையைச் சட்டென்று தூக்கிய இடத்தையும் அப்போதைய காற்றின் திசையையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று குறிகளிலிருந்து காற்று வந்த திசையில் கோடு இழுத்தால் அவை வெட்டும் இடம் தெரியவரும்.

ஒருமுறை தேடியதும் அந்தப் பகுதி முடிந்துவிடாது. ஆள் உள்ளே இருந்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறையும் அப்படியே தேடினால் தவறவிடும் வாய்ப்பு 40 சதவீதத்தில் 40 சதவீதம், அதாவது 16 ஆகக் குறைகிறது. இரண்டு தேடலும் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. அதே காற்றில், அதே வழியில் போனால் முதல் நாய் விட்டதை இரண்டாவதும் விடும். காற்று மாறிய பிறகு வேறு நாய் போக வேண்டும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் கூட்டம். ஒருவர் காணவில்லை என்றதும் ஊரே டார்ச்சோடு காட்டுக்குள் இறங்கிவிடும். காற்றில் தேடும் நாய்க்கு அத்தனை பேரும் கண்டுபிடிக்க வேண்டிய ஆட்கள்தான். அழைப்பை ஏற்கும் ஒருங்கிணைப்பாளர் போனிலேயே முதலில் சொல்ல வேண்டியது இதை: நாய் வருவதற்குள் உள்ளே இருப்பவர்களை வெளியே எடுங்கள். பிறகு கேட்க வேண்டியவை, கடைசியாக எங்கே எப்போது பார்த்தார்கள், வயது, உடல்நிலை, காட்டில் யானை நடமாட்டம். அழைப்பு காவல் துறை, தீயணைப்புத் துறை அல்லது வருவாய்த் துறை வழியாகவே வர வேண்டும். குடும்பத்தார் கூப்பிட்டு நேரே போனால் சட்டச் சிக்கலும் குழப்பமும் வரும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நாயை இறக்கக் கூடாது. சிறுத்தை நாயை இரையாகப் பார்க்கும். அங்கே கயிறில்லாமல் விடும் முறையைக் கைவிட்டு, பத்து மீட்டர் கயிற்றில் வைத்துத் தேடுவதே சரி, வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

வெயில் இன்னொரு எதிரி. மூச்சிரைக்கும் நாய் வாயால் சுவாசிக்கிறது. மோப்பம் அங்கேயே பாதி போய்விட்டது. இடிபாட்டில் 20, 30 நிமிடம் வேலை, அதற்கு ஈடான ஓய்வு. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து, உடனே நிழலில் தண்ணீர் ஊற்றிக் காற்று படவைத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வெள்ளப் பகுதிக்குப் போகும் நாய்க்கு ரேபிஸ் ஊசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் கட்டாயம். இடிபாட்டில் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுகிறார்கள், கம்பியில் மாட்டிக்கொள்ளும். பாதத்துக்கு உறை போடுவதும் பொதுவாக இல்லை, விரல்களை ஊன்றித்தான் நாய் ஆடும் கல்லின் மேல் நிற்கிறது.

எந்த நேரமும் இரண்டு நாய்களை அனுப்ப வேண்டுமானால் ஆறு ஜோடிகளாவது வேண்டும். ஒரு பெட்டை பருவத்தில் இருக்கும், ஒன்றுக்குக் காலில் காயம், ஒரு ஹேண்ட்லர் வெளியூர். ஒவ்வொரு ஜோடியோடும் வரைபடமும் வயர்லெஸ்ஸும் பார்க்கும் துணையாள் ஒருவர் போக வேண்டும், ஹேண்ட்லரின் கண் நாயை விட்டு அகலக் கூடாது. நாய் எட்டு, பத்து வயது வரை உழைக்கும். அதற்கு ஐந்து வயதாகும்போதே அடுத்த குட்டியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இடையில் இரண்டு ஆண்டு குழு வெறுங்கையாக நிற்கும். யாரும் கிடைக்காமல் முடிந்த தேடலுக்குப் பின், வண்டி ஏறும் முன் குழுவில் ஒருவர் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். நாய் அவரைக் கண்டுபிடித்துப் பொம்மையை வாங்கிய பிறகே வீடு திரும்பலாம்.