ஒரே ஸ்பூன், வேறு வேறு மருந்து

போன வாரம் அம்மா ஊரிலிருந்து போனில் சொன்ன பக்குவப்படி ரசம் வைத்தேன். உப்பு இரண்டு ஸ்பூன் என்றார். அவர் மனதில் இருந்தது கல் உப்பு, என் டப்பாவில் இருந்ததோ பொடி உப்பு. பொடி இடைவெளி விடாமல் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். அதே ஸ்பூனில் அதிக உப்பு ஏறிவிட்டது. ரசம் வாயில் வைக்க முடியவில்லை.

ரசத்தைக் கொட்டிவிட்டு வேறு வைத்துக்கொள்ளலாம். நாட்டுத் துப்பாக்கியில் அளவு தப்பினால் சுடுபவரின் கையும் கண்ணும் போகலாம். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து, கம்பியால் இறுக்கிச் சுடுகிற பழைய வகைத் துப்பாக்கியைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் 1972 முதல் பட்டாசுக்கே தடை என்பதால் நம் கண்ணில் படுவது கோட்டைகளில் நிற்கும் அதன் பெரிய அண்ணன்களான பீரங்கிகள் மட்டும்தான். அமெரிக்காவில் இன்றும் இந்த வகைத் துப்பாக்கியை வைத்து வேட்டையாடுகிறார்கள்.

அதற்கான ஆதி மருந்து கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே நின்றுவிடும். வெள்ளைப் புகை மூட்டமும், குழலுக்குள் ஒட்டும் கசடும் அதுதான். கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். நம் ஊர்க் காற்றில் இப்படி ஒரு துப்பாக்கியைத் துடைக்காமல் வைத்தால் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். போதாததற்குக் கருமருந்து சுலபமாகத் தீப்பிடிக்கும் என்பதால் விற்கவும் சேர்த்துவைக்கவும் கட்டுப்பாடு அதிகம்.

அதனால் 1970களில் மாற்று மருந்துகள் வந்தன. அவற்றில் முதலில் பேர் எடுத்தது பைரோடெக்ஸ். இங்கேதான் ஸ்பூன் கணக்கு வருகிறது. கருமருந்தை ‘கிரெய்ன்’ என்ற அலகில் அளப்பார்கள். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 0.065 கிராம், அதாவது ஒரு குன்றிமணியில் பாதி எடை. ஆனால் சுடுபவர்கள் தராசைத் தொடுவதில்லை. கோடு போட்ட சிறிய பித்தளைக் குழாயில் நிரப்பி அளப்பார்கள். பைரோடெக்ஸைச் செய்தவர்கள் அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. அதே குழாயில் அதே கோடு வரை நிரப்பினால் கிட்டத்தட்ட அதே வேகம் கிடைக்கும்படி மருந்தை லேசாகச் செய்தார்கள். கருமருந்து 100 கிரெய்ன் பிடிக்கும் குழாயில் பைரோடெக்ஸ் சுமார் 70 கிரெய்ன்தான் நிற்கும்.

சரி, ‘தராசு இன்னும் துல்லியமாச்சே’ என்று ஒருவர் 100 கிரெய்ன் பைரோடெக்ஸை நிறுத்துப் போட்டால்? போடவேண்டியதைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகப் போட்டுவிடுவார். அறிவியல் படித்தவர்கள்தான் இதில் சுலபமாக ஏமாறுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எடைதான் நம்பகமானது என்று நமக்குப் பள்ளியிலிருந்தே பழக்கம். இங்கே நம்பவேண்டியது கொள்ளளவை. அதுவும் எல்லா மாற்று மருந்துக்கும் ஒன்றல்ல. கந்தகம் இல்லாத ட்ரிபிள் செவன் என்ற மாற்று மருந்து அதே கோட்டில் இன்னும் பலமாகத் தள்ளும் என்பதால், கருமருந்தின் வேகம் வேண்டுமானால் 15 விழுக்காடு குறைக்கச் சொல்கிறது அதன் நிறுவனம்.

தீப்பற்றும் சூடும் வேறு. கருமருந்து சுமார் 240 டிகிரி செல்சியஸில் பற்றிக்கொள்ளும். பைரோடெக்ஸுக்கு ஏறக்குறைய 400 டிகிரி வேண்டும். சில பழைய துப்பாக்கிகளில் மருந்தைப் பற்றவைக்கும் சிக்கிமுக்கிக் கல்லின் பொறிக்கு அது பெரும்பாலும் மசியாது.

இதெல்லாம் ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றம். ஆனால் 1884இல் பிரான்சில் பால் வியெய் கண்டுபிடித்த புகையில்லா மருந்தும் அதன் வாரிசுகளும் வேறு குலம். கருமருந்தைச் சுற்றி அழுத்தம் ஏறினாலும் அது எரியும் வேகம் அவ்வளவாகக் கூடாது. புகையில்லா மருந்து அப்படியில்லை. அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும், வேகமாக எரிவதால் அழுத்தம் இன்னும் ஏறும். குண்டு நகர்ந்து இடம் கொடுப்பதற்குள் அழுத்தம் குழல் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். கருமருந்துக்கென்று செய்த குழலில் அதைக் கொஞ்சம்கூடப் போடக்கூடாது. அளவைக் குறைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

செந்தோசாவின் சிலோசோ கோட்டைக்குப் போனால் இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். போன பள்ளி விடுமுறையில் மகளோடு போயிருந்தேன். 1870களில் எழுந்த கோட்டை அது. வாய் வழியாக மருந்து போடும் பீரங்கி ஒன்றின் பின்பக்கத்தை அவள் இரு கைகளாலும் கட்டிப்பிடித்துப் பார்த்தாள், எட்டவில்லை. வாய்ப்பக்கம் வந்தால் இரும்பு நன்றாக மெலிந்திருந்தது. மருந்து எரிந்து அழுத்தம் உச்சத்துக்குப் போவது பின்னால், குண்டு முன்னே ஓட ஓட அது தணியும். எங்கே எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதை அந்தக் காலப் பட்டறைக்காரர்கள் கருமருந்தின் சுபாவத்தைப் பார்த்தே முடிவு செய்திருந்தார்கள்.